ஏழாவது மஞ்சள் துணி

புதுக் கயிற்றை நம்பாதீர்கள். சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை படிக்கும் பொறுமை உங்களில் பாதிப் பேருக்குக் கிடையாது. உங்கள் வயதில் எனக்கும் கிடையாது, அதனால் கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

இன்று உங்கள் வண்டிகளில் நைலான் பட்டை இருக்கிறது, அதை இறுக்கக் கைப்பிடி இருக்கிறது, ஏற்றி இறக்க இயந்திரம் வருகிறது. அறுபதுகளில் தாராவியில் நான் பிக்கப் ஓட்டியபோது எங்களிடம் இருந்தவை கயிறு, பழைய டயர், மரக்கட்டை, முதுகு. இந்த நான்கை வைத்துக்கொண்டு உல்லாஸ்நகருக்குத் துணி மூட்டை, தேவ்நாருக்குத் தகரம், மாட்டுங்காவில் வீடு மாறுகிறவர்களின் ஆட்டுக்கல் என்று எதையும் ஏற்றினோம். ஆட்டுக்கல் நல்ல சரக்கு. உருண்டால் நம் காலுக்குத்தான் ஆபத்து, அதற்கு ஒன்றும் ஆகாது. வேலை பார்த்துப் புதுசாக்கிய கார் எஞ்ஜின் அப்படி இல்லை. அது உருண்டால் நம் காலும் போகும், எஞ்ஜினும் போகும், அதை நம்பி இருக்கிறவன் பிழைப்பும் போகும்.

அப்படி நம்பி இருந்தவர் முத்தையா அண்ணாச்சி. நாங்குநேரிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். பல வருடம் அடுத்தவன் டாக்ஸியைக் கூலிக்கு ஓட்டி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, சொந்தமாக ஒரு பழைய வண்டியும் அதற்கு ஒரு பர்மிட்டும் வாங்கியவர். வாங்கிய கொஞ்ச நாளிலேயே வண்டி செம்பூரில் படுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கேரேஜுக்குள் அதைத் தள்ளிவிட்டு, எஞ்ஜினை மட்டும் கழற்றி தாராவியில் காதர் பாயிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

காதர் பாய் மேலப்பாளையத்துக்காரர். எஞ்ஜினைக் கடைசி ஆணி வரை பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டுவது அவர் தொழில். அவர் கை பட்ட எஞ்ஜின் ரிப்பேருக்குத் திரும்பி வராது என்று எங்கள் பக்கம் பேச்சு. அவசரப்படுத்தினால் மட்டும் வேலையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

முத்தையாவோ அவசரத்தில் இருந்தார். டாக்ஸியை வருடத்துக்கு ஒருமுறை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும், பாஸிங் என்று சொல்வோம். அவருக்குக் கொடுத்த தேதி இரண்டு முறை தள்ளிப் போயிருந்தது. மூன்றாவது தேதிக்கும் வண்டி வந்து நிற்காவிட்டால் பர்மிட் ரத்து என்று கடிதாசியே வந்துவிட்டது. அந்த மூன்றாவது தேதி, நான் எஞ்ஜினை ஏற்றிய நாளுக்கு மறுநாள் காலை. எஞ்ஜின் தயாரானது முந்தின நாள் சாயங்காலம். ஆகவே அன்று மதியத்துக்குள் எஞ்ஜின் செம்பூர் போகவேண்டும், பொழுது சாய்வதற்குள் வண்டியில் ஏறவேண்டும், காலையில் வண்டி ஓடிப் போய் நிற்கவேண்டும். பர்மிட் போனால் முத்தையா மறுபடியும் கூலிக்கு ஓட்டப் போகவேண்டியதுதான்.

காலை ஒன்பது மணிக்கு நான் காதர் பாய் கடைக்குப் போனபோது எஞ்ஜினுக்குக் கல்யாணமே நடந்துகொண்டிருந்தது. மூன்று பொட்டு, ஒரு செவ்வந்தி மாலை, எலுமிச்சம்பழம். முத்தையா தேங்காயை வைத்துக்கொண்டு உடைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். காதர் பாய் ஓரமாக நின்று, மாலை எஞ்ஜினுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கவலை அதுதான்.

அவர் வேலை முறை ஒன்றைச் சொல்லவேண்டும். எஞ்ஜினில் பல வாய்கள் இருக்கும். எண்ணெய் ஊற்றுகிற வாய், தண்ணீர் போகிற வாய், புகை வெளியேறும் வாய். கார்புரேட்டரைத் தனியாகக் கழற்றிப் பிஸ்கட் டின்னில் வைத்து அனுப்புவார், அது உட்காருகிற இடம் வானத்தைப் பார்த்த வாயாகத் திறந்திருக்கும். வழியில் தூசி தும்பு விழாமல் எல்லா வாயையும் துணி வைத்து அடைப்பார். மஞ்சள் துணிதான் வைப்பார். கறுப்பு எஞ்ஜினில் மஞ்சள் தூரத்திலிருந்தே கண்ணில் படும், எடுக்க மறந்துவிட முடியாது என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். அதில் ஒரு ஓட்டை இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

முத்தையா வாசலில் தேங்காய் உடைக்கும்போது காதர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏழு துணி வச்சிருக்கேன் தம்பி. அங்க எறக்கி எடுக்கும்போது ஏழும் கையில இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் ஸ்டார்ட் பண்ண விட்டுராதீங்க. அந்த கேரேஜ் மிஸ்திரிகிட்டயும் சொல்லிருங்க."

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது சுலபமான வேலை.

அடியில் பழைய டயரைப் போட்டு, அதற்கு மேல் மரச்சட்டம் வைத்து, எஞ்ஜினின் கனம் அதன் எண்ணெய்த் தொட்டியில் இறங்காமல் சட்டத்தில் உட்காரும்படி நாலு பேர் தூக்கி வைத்தோம். இதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நான் என் கயிற்றை எடுத்தேன். மூன்று வருடம் உழைத்த கயிறு, நிறம் போய், நார் சிலும்பி, பார்ப்பதற்குப் பிச்சைக்காரக் கோலம். ஆனால் இழுக்கவேண்டிய அளவுக்கு எல்லாம் இழுத்து ஓய்ந்த கயிறு, இனி ஒரு அங்குலம் தராது. முத்தையா அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவே இது? புதுசா வீட்டுக்கு வாற மருமவளுக்கு யாராவது பழைய தாலிக் கயித்தக் கட்டுவானா?"

சொல்லிவிட்டு அவர் பையிலிருந்து ஒரு புதுக் கயிற்றை எடுத்தார். கிங்ஸ் சர்க்கிளில் போய்த் தேடி வாங்கியிருக்கிறார். அதோடு விடவில்லை. மஞ்சளைக் குழைத்து முழுக் கயிற்றிலும் பூசிக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என் புத்தி போய்விட்டது.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவன் எவனைக் கேட்டாலும் சொல்வான், புதுக் கயிறு கனம் தாங்கியதும் இளகும். நனைத்து, இழுத்துக் கட்டி, பழக்கின பிறகுதான் அது கயிறு. அதற்கு மேல் ஈர மஞ்சள் வேறு, முடிச்சு வழுக்கிற்று. இது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி, கொஞ்ச தூரம் போய் நிறுத்தி இறுக்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நம் தொழிலில் நடக்கிற விபத்துகளில் முக்கால்வாசி இந்த 'கொஞ்ச தூரம் போய்' என்பதில்தான் ஆரம்பிக்கும்.

அடுத்து, அவர் எஞ்ஜினோடு பின்னால்தான் உட்காருவேன் என்றார். சரக்கோடு ஆள் உட்காரக் கூடாது, முன்னால் வாருங்கள் என்றேன். கேட்கவில்லை. எஞ்ஜினைக் கட்டிப் பிடித்தபடி டயருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டுவிட்டார். எத்தனை கனம் அது, இவர் பிடித்தால் நிற்குமா? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. பிஸ்கட் டின் மட்டும் என் பக்கத்து சீட்டில் மரியாதையாக வந்தது.

சயானில் நிறுத்தி இறுக்கியிருக்கவேண்டும். அங்கே நிற்க இடம் இல்லை, போலீஸ் ஹவல்தார் கையை வீசி விரட்டிக்கொண்டிருந்தான். அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம் என்று போனேன். அடுத்த திருப்பத்தில் பாதை நன்றாக இருந்தது, நிறுத்த மனசு வரவில்லை. ட்ராம்பே ரோட்டில் பாட்டுக்கூட முனகிக்கொண்டு போனேன் என்று ஞாபகம்.

சுனாபட்டி தாண்டியதும் ஒரு எருமை. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகைகள் நிறைய. எருமை ரோட்டின் நடுவில் வந்து, என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றது. பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து முதலில் மரம் உரசும் சத்தம் கேட்டது, பிறகு முத்தையாவின் சத்தம்.

"யம்மா, முத்தாரம்மா!"

இறங்கி ஓடினேன். கயிறு இளகி ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்ஜின் சட்டத்தோடு முன்னால் நகர்ந்து, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. டயர் மட்டும் இடையில் மாட்டாமல் இருந்தால் அந்தக் கால் அவருக்கு இருந்திருக்காது. அவர் முகம் வெளுத்துப்போய், கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வழியில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு எஞ்ஜினைப் பழைய இடத்துக்கு நெம்பி நகர்த்தினேன். புதுக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு என் பிச்சைக்காரக் கயிற்றைப் போட்டு இறுக்கினேன். கயிற்றை மட்டும்தான் பார்த்தேன். துணிகளை எண்ணவில்லை. பயந்துபோனவன் எதனால் பயந்தானோ அதை மட்டும்தான் பார்ப்பான், மற்றது கண்ணில் படாது. முன்னால் வந்து உட்காருங்கள் அண்ணாச்சி என்று கெஞ்சினேன். இந்தப் பிள்ளையை விட்டுட்டு வரமாட்டேன் என்றார். அப்போதாவது நான் பிடிவாதம் பிடித்திருக்கவேண்டும். மணி பதினொன்று ஆகிவிட்டதே என்று ஏறி ஓட்டினேன்.

அதற்கு அப்புறம் செம்பூர் வரைக்கும் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எவ்வளவு மெதுவாகப் போனாலும் சீட்டில் நான் துள்ளித் துள்ளி விழுந்தேன். அது இந்தக் கதைக்கு வேண்டிய விஷயம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரேஜில் ஒரு மராட்டிக்கார மிஸ்திரி, சாவந்த் என்று பெயர். வேலைக்காரர், வெட்டிப் பேச்சு கிடையாது. எஞ்ஜினை இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், முத்தையா எதிரே இருந்த குழாயில் முகம் கழுவப் போயிருந்தார். மிஸ்திரியும் அவருடைய ஆளும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று துணிகளை உருவி, மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டார்கள். அப்போதுதான் எனக்குக் காதர் பாய் சொன்னது ஞாபகம் வந்தது. எண்ணுங்கள் என்றேன்.

ஆறு இருந்தது. திரும்ப எண்ணினோம். திரும்பவும் ஆறு. யார் எந்த வாயிலிருந்து எதை எடுத்தார்கள் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை.

"சாத்வா கிதர்?" ஏழாவது எங்கே என்று மிஸ்திரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

கடகடவென்று அவரே விஷயத்தையும் சொன்னார். துணி வழியில் விழுந்திருந்தால் கவலை இல்லை, எஞ்ஜினை இப்போதே வண்டியில் ஏற்றிவிடலாம். உள்ளே போயிருந்தால் எந்த வாய் வழியாகப் போனது என்று தெரியாது. மேலிருந்து கீழ் வரை பிரித்துப் பார்க்கவேண்டும், நாளை சாயங்காலம் ஆகும். வழியில் விழுந்ததா, பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்று சொன்னால் போதும் என்பதுபோல் அவர் குரலே இருந்தது.

முத்தையா ஈர முகத்தோடு வந்து நின்றுவிட்டார். அவருக்கு இந்தி சரளம். துணி, உள்ளே, நாளை சாயங்காலம், மூன்றும் காதில் விழுந்தன. என் தோளைப் பிடித்துத் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லும்வே. ரோட்லதான் விழுந்திருக்கும். அந்தக் குலுக்குக்கு வேற எங்க போவும்?"

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிடத்தான் நினைத்தேன். எனக்கும் அது ரோட்டில் விழுந்ததாகத்தான் பட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான் இருக்கும், அப்புறம் 'பார்த்தேன்' என்பதில் பெரிய பொய் என்ன இருக்கிறது? ஒரு மனுஷன் பர்மிட் என் நாக்கு நுனியில் இருக்கிறது. அதுவும் கயிறு இளகியது என் தப்பு. அந்தக் கடனை ஒரு வார்த்தையில் கழித்துவிடலாம் போல் இருந்தது. ஆனால் நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் சொன்னால், அதன் பேரில் எஞ்ஜினைச் சுற்றிக் கிளப்பப் போவது சாவந்த் மிஸ்திரி. அது வெடித்தால் பேர் கெடப் போவது காதர் பாய்க்கு. என் வார்த்தைக்கு மூன்று பேர் ஜாமீன் நிற்கவேண்டும்.

"நான் பாக்கல" என்றேன், இந்தியிலும் தமிழிலும்.

முத்தையா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பாதி இந்தி, பாதி நாங்குநேரி. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரே என்று கத்திக்கொண்டே, வேஷ்டியை மடித்துக் கட்ட ஒரு வேகத்தில் உதறினார். சட்டை விலகிய இடுப்பில் வெள்ளை வேஷ்டிக்கு மேலே மஞ்சளாக ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

மிஸ்திரிதான் முதலில் பார்த்தார். பேசாமல் விரலை நீட்டினார்.

முத்தையா குனிந்து பார்த்தார். தட்டில் கிடந்த துணிகளைப் பார்த்தார். திரும்ப இடுப்பைப் பார்த்தார். ஊரில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எருமைக்கு நான் பிரேக் போட்டபோது, இளகிய கயிறு எஞ்ஜின் மேல் உரசி ஒரு துணியைப் பிடுங்கி அவர் மடியில் போட்டிருக்கிறது. அவர் முத்தாரம்மா என்று கூப்பிட்ட அதே நொடியில் மடியில் ஒரு மஞ்சள் துணி.

"அது எஞ்சின் துணியா? அம்மன் குடுத்ததுன்னுலா நெனச்சேன்" என்றார், குழந்தை மாதிரி.

கேரேஜே சிரித்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நானும் ஒரு முட்டுக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது துணி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஆகவே எஞ்ஜினுக்குள் துணி இல்லை. மிஸ்திரி சந்தோஷமாக என்னிடமிருந்து பிஸ்கட் டின்னை வாங்கிக் கார்புரேட்டரை வெளியே எடுத்தார். முத்தையா என்னைத் திட்டியதை மறந்து டீ சொல்லப் போனார்.

தம்பிகளே, இந்தக் கதையில் நான் உங்களுக்குக் கொடுக்க நினைப்பது இந்த இடம்தான். எருமை குறுக்கே வந்தபோது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள், டீ வருகிறது, எவன் மனசிலும் பயம் இல்லை. தொலைந்தது கிடைத்துவிட்டால் கணக்கு முடிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும். நானும் மயங்கித்தான் இருந்தேன். கார்புரேட்டரை அதன் இடத்தில் வைத்துப் பார்க்க மிஸ்திரி கொண்டுபோனபோது, அந்தத் திறந்த வாயைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. துணி முத்தையா இடுப்பில் இருந்தது என்றால், சுனாபட்டியிலிருந்து செம்பூர் வரை ஒரு வாய் திறந்தே வந்திருக்கிறது.

எழுந்து, நிறுத்துங்கள் என்றேன். முத்தையாவைக் கூப்பிட்டு, எப்போது முடிந்தீர்கள் என்று கேட்டேன். வண்டி மறுபடி கிளம்பின பிறகு என்றார். அதாவது அந்தத் தோண்டிப் போட்ட ரோட்டில். சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நானே துள்ளி விழுந்த ரோட்டில், இந்த மனுஷன் இரண்டு கையையும் விட்டு முடிச்சுப் போட்டிருக்கிறார். எங்கே வைத்து முடிந்தீர்கள் என்றேன். எஞ்ஜின் மேலேயே வைத்து என்றார். என்ன முடிந்தீர்கள் என்றேன்.

"வழக்கம்போல ஒண்ணேகா ரூவாதான். ஒரு ரூவா நோட்டு, ஒரு நாலணா."

அவிழ்த்துக் காட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முடிச்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கோயிலில் செலுத்தும் வரை முடிந்ததை அவிழ்க்கக் கூடாது, அது தெய்வக் குற்றம். பர்மிட் போனாலும் அவிழ்க்கமாட்டார் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. மிஸ்திரிக்கு இது புரியாமல் இல்லை, அவர் ஊரிலும் அம்மன்கள் உண்டு. ஆனால் அவருக்கு நேரம் போகிறதே என்ற எரிச்சல். அதுதான் துணி கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று என்மேல் பாய்ந்தார். இரண்டு பேரும் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"அவுக்க வேண்டாம் அண்ணாச்சி. வெளிய இருந்தே தடவிப் பாருங்க. காசு தட்டுப்படுதா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் முடிச்சை நெருடினார். ஒரு பக்கம் நெருடினார், மறுபக்கம் நெருடினார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நோட்டுதான் மொறமொறங்குது. நாலணாவக் காணலியேவே."

மிஸ்திரி கார்புரேட்டரை மெதுவாகக் கீழே வைத்தார். எஞ்ஜின் மேல் வைத்து முடிந்த காசு நழுவினால் வானத்தைப் பார்த்த அந்த வாயில்தான் விழும், அதனால் முழு எஞ்ஜினையும் பிரிக்கத் தேவையில்லை. அந்த ஒரு வாய்க்குக் கீழே இருக்கிற குழாயை மட்டும் கழற்றினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. குழாயில் காசு இல்லை. முத்தையா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மிஸ்திரி டார்ச் அடித்து இரண்டாவது சிலிண்டருக்குள் போகும் வழியில் எட்டிப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். வால்வின் முதுகில் சமர்த்தாகப் படுத்திருந்தது நாலணா. வால்வு திறந்து மூடினால் அது இடையில் மாட்டும், வால்வு வளையும், பிஸ்டனில் இடிக்கும், காதர் பாயின் வேலை முழுவதும் ஒரு நிமிடத்தில் குப்பை.

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டைக் கம்பியில் கட்டி இறக்கினார் மிஸ்திரி. அந்தக் காலத்து நாலணா நிக்கல், காந்தத்தில் ஒட்டும். முதல் தடவை நழுவியது, இரண்டாவது தடவை மேலே வந்துவிட்டது. அதைப் பெட்ரோலில் கழுவி முத்தையா கையில் கொடுத்தார். முத்தையா முடிச்சை அவிழ்க்காமல் துணியின் இடுக்கு வழியாகக் காசை உள்ளே நுழைத்துவிட்டார். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எஞ்ஜின் வண்டியில் ஏறி, முதல் தரமே பிடித்துக்கொண்டது.

துணி மட்டும் காதர் பாய்க்குத் திரும்பப் போகவில்லை, முத்தையா ஊர்க் கோயில் கொடைக்குப் போகும்வரை அது அம்மன் சொத்து. காதர் பாய் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். இனி பச்சைத் துணி வைக்கலாமா என்றார். பச்சை என்றால் தர்காவுக்கு நேர்ந்துவிடுவான், நம்மாட்களில் அதற்கும் ஆள் உண்டு என்றேன். சிவப்பு? அதுவும் அம்மனுக்குத்தான். காவி? திருச்செந்தூர். கறுப்பு கண்ணில் படாது. கடைசியில் கட்டம் போட்ட லுங்கித் துணியில் வந்து நின்றார். எந்தச் சாமியும் லுங்கி கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கடையை மூடும்வரை லுங்கித் துணிதான்.

மறுநாள் காலை பாஸிங்கில் வண்டியைத் தட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முத்தையா நேராக என் பிக்கப் நிற்கும் இடத்துக்கு வந்து ஹார்ன் அடித்தார். புது எஞ்ஜினுக்கு நீருதான் மொதல் சவாரி, கிங்ஸ் சர்க்கிள்ல போய்க் காப்பி குடிப்போம், காசுப் பேச்சே எடுக்கக் கூடாது என்று பின்கதவைத் திறந்துவிட்டார். முகூர்த்தத்துக்காக மீட்டரை மட்டும் கீழே தட்டினார். நான் பெரிய மனுஷன் போலப் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். எஞ்ஜின் பூனை மாதிரி ஓடியது.

கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நேத்து நீரு பாத்தேன்னு சொல்லியிருந்தா, சாவுற வரைக்கும் உம்மத் தெய்வமா நெனச்சிருப்பேன்வே. வண்டியும் அன்னிக்கே செத்திருக்கும். பழிய அந்த பாய் தலையில போட்டிருப்பேன். கடைசிவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அப்படிப்பட்ட வார்த்தையைக் கேட்டபிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. கயிறு இளகும் என்று எனக்குத் தெரியும், சயானில் நிறுத்தி இறுக்கியிருக்கவேண்டும், சோம்பல்பட்டு விட்டுவிட்டேன், உங்கள் கால் தப்பியது என் சாமர்த்தியம் இல்லை என்று எல்லாவற்றையும் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

கிங்ஸ் சர்க்கிள் வந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி, குனிந்து மீட்டரைப் பார்த்து, முழுக் கூலியையும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கையை மடக்காமல், இன்னும் ஒரு நாலணா கொடும் என்றார்.

அது எதற்கு என்றேன்.

"கயித்துக்கு."

கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாரும், காப்பி குடிப்போம்" என்று கதவைத் திறந்தார்.